துபாயில் வேலை விசா வரும்வரை: இரண்டு கடை, ஒரு ஏர்போர்ட் இரவு

துபாயில் வேலை கிடைத்துவிட்டது, ஆஃபர் லெட்டரில் கையெழுத்தும் போட்டாச்சு, ஆனால் வேலை விசா இன்னும் வரவில்லை, விசிட் விசாவோ முடியப்போகிறது, யாரிடம் போவது என்று கேட்டு ஊரிலிருந்து அடிக்கடி மெசேஜ் வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி முடியவில்லை. அதனால் 2024-இல் நான் காசு கொடுத்துப் போன இரண்டு கடைகளைப் பற்றியும், ‘ஏ டூ ஏ’ என்று எல்லாரும் சொல்கிற ஏர்போர்ட் டு ஏர்போர்ட் விசா மாற்றத்தைப் பற்றியும் நடந்ததை நடந்தபடி இங்கே எழுதிவிடுகிறேன். கடைகளின் பெயரைப் போடவில்லை. இந்தத் தொழிலில் போர்டைவிடக் கவுன்டரில் உட்கார்ந்திருக்கும் ஆள்தான் முக்கியம், ஆள் மாறினால் கடையே மாறிவிடும். எதைக் கேட்க வேண்டும், எந்தப் பதிலைக் கேட்டால் எழுந்து வந்துவிட வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

எனக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம். ஏசி டக்ட் வரைபடம் போடும் டிராஃப்ட்ஸ்மேன் வேலை. ஜூலை 8 அன்று திருச்சியிலிருந்து 60 நாள் விசிட் விசாவில் வந்து இறங்கினேன். விசா எடுத்துக் கொடுத்தது துபாயின் தேரா பகுதியில் இருக்கும் ஒரு டிராவல்ஸ், ஊர்க்காரர் ஒருவர் கைகாட்டியது. விசா, டிக்கெட், ஹோட்டல் புக்கிங் காகிதம் எல்லாம் ஒழுங்காகவே வந்தன. அதுவரை ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ரிட்டர்ன் டிக்கெட்டும், தங்கும் இடத்துக்கான ஆதாரமும், 3,000 திர்ஹாம் அளவுக்குப் பணமோ கார்டோ கையில் இருக்க வேண்டும் என்று அந்த வருடம்தான் கெடுபிடி செய்ய ஆரம்பித்திருந்தார்கள், அதையும் முன்கூட்டியே சொல்லி அனுப்பினார்கள்.

ஆகஸ்ட் 12 அன்று ஆஃபர் லெட்டர் வந்தது. சும்மா கம்பெனி லெட்டர்ஹெட்டில் அடித்த காகிதம் இல்லை, தொழிலாளர் அமைச்சகத்தின் படிவம், நம்பர் போட்டது. இந்தப் படிவத்தை அரபி, ஆங்கிலத்தோடு தொழிலாளிக்குத் தெரிந்த இன்னொரு மொழியிலும் தர வேண்டும் என்பது 2016 முதல் உள்ள நடைமுறை, அந்த மொழிகளில் தமிழும் இருக்கிறது. நிறையப் பேருக்கு இது தெரியாது. கேட்டு வாங்குங்கள். சம்பளத்தில் அடிப்படை எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு என்று நம்ம மொழியிலேயே வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவது பெரிய நிம்மதி.

கையெழுத்துப் போட்ட அன்று கம்பெனியின் பி.ஆர்.ஓ. (விசா, அரசு அலுவலக வேலைகளைப் பார்ப்பவர்) “ரெண்டு வாரத்தில் விசா வந்துவிடும் தம்பி” என்றார். அவர் பொய் சொல்லவில்லை, அவருக்கே அப்போது தெரியாது. கம்பெனியின் லைசென்ஸ் புதுப்பிப்பு பாதியில் நின்றிருந்தது, அது முடிந்தால்தான் என் ஃபைல் நகரும் என்று ஆகஸ்ட் 27-ஆம் தேதிதான் சொன்னார்கள். அன்றைக்கு எனக்கு மிச்சமிருந்தது பத்து நாள்கூட இல்லை.

நேராக தேரா டிராவல்ஸுக்குப் போனேன். “அண்ணே, விசா முடியப்போகுது, கம்பெனி விசா இன்னும் வரல, என்ன செய்றது?” கவுன்டரில் இருந்தவர் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்க்கவே இல்லை. “எப்ப வந்தீங்க?” என்று கேட்டார், ஜூலை 8 என்றேன். “அப்ப செப்டம்பர் 8 வரைக்கும் இருக்கு, அதுக்கு மேல பத்து நாள் கிரேஸ். 18-ஆம் தேதி வரைக்கும் ஒண்ணும் பயப்படாதீங்க.” இவ்வளவுதான், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அந்தப் பதிலில் இரண்டு தப்பு. முதல் தப்பு, 60 நாள் என்பது இரண்டு மாதம் இல்லை. ஜூலையில் 31, ஆகஸ்டில் 31. வந்த நாளையும் சேர்த்து எண்ணினால் என்னுடைய அறுபதாவது நாள் செப்டம்பர் 5. இரண்டாவது தப்பு அதைவிட மோசம். விசா முடிந்த பிறகும் அபராதம் இல்லாமல் இருக்க விசிட் விசாவுக்கு விட்டிருந்த அந்தப் பத்து நாள் கிரேஸை 2023-லேயே எடுத்துவிட்டார்கள். அவர் பேச்சை நம்பி 18-ஆம் தேதி வரை இருந்திருந்தால் 13 நாள் ஓவர்ஸ்டே, ஒரு நாளைக்கு 50 திர்ஹாம் வீதம் 650 திர்ஹாம். பெட் ஸ்பேஸ் (பகிர்ந்த ரூமில் ஒரு கட்டில் மட்டும்) வாடகைக்கே எண்ணி எண்ணிச் செலவு செய்யும் ஒருவனுக்கு அது ஒரு மாதத் தூக்கம்.

எனக்கு அன்று அது எதுவும் தெரியாது. சந்தோஷமாக ரூமுக்கு வந்தேன். ரூமில் ஒரு மூத்தவர் இருந்தார், ராமநாதபுரம் பக்கம், துபாயில் இருபது வருடத்துக்கு மேல் ஆனவர், நாங்கள் எல்லாரும் நானா என்று கூப்பிடுவோம். நான் சொன்னதைக் கேட்டதும் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு நிமிர்ந்து, “கிரேஸா? அது எப்பவோ போச்சே. யாருடா சொன்னது?” என்றார். மறுநாள் காலையில் கராமா பகுதியில், விசா மாதிரி விண்ணப்பங்களை டைப் செய்து கொடுக்கும் ஒரு டைப்பிங் சென்டருக்கு அவரே அழைத்துப் போனார்.

சின்னக் கடைதான். முன்னால் நாலு நாற்காலி, உள்ளே மூன்று மேஜை, சுவரெல்லாம் போட்டோகாப்பி விலைப்பட்டியல். நடு மேஜையில் ஒரு அக்கா, மலையாளி, தமிழ் நன்றாகப் பேசுவார். பாஸ்போர்ட்டைக் கேட்டார், விசா காகிதத்தையும் கேட்டார். விசாவில் ஃபைல் நம்பர் 201 என்று ஆரம்பித்தது. “201 துபாய், 101 அபுதாபி, 301 ஷார்ஜா. துபாய் விசான்னா துபாய் இமிகிரேஷன் சைட்டில் பாக்கணும், மத்ததெல்லாம் வேற சைட்” என்று சொல்லிக்கொண்டே டைப் செய்தார். அப்புறம் ஸ்க்ரீனை என் பக்கம் திருப்பினார். செப்டம்பர் 5. ஒரு துண்டுக் காகிதத்தில் அந்தத் தேதியை எழுதி, கீழே ஒரு கோடு போட்டு என் பாஸ்போர்ட்டுக்குள் வைத்தார். “யார் என்ன சொன்னாலும் இந்தத் தேதிதான் கணக்கு. ஃபோனிலேயே பாக்கலாம், காசு கிடையாது” என்று அந்தப் பக்கத்தை என் ஃபோனிலும் திறந்து காட்டினார். அதற்கு ஒரு திர்ஹாம்கூட வாங்கவில்லை.

நான் இந்தக் கடைக்குப் போகச் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். தேதியை வாயால் சொல்லவில்லை, பார்த்துச் சொன்னார், எழுதியும் கொடுத்தார்.

அடுத்து அவர் கேட்ட கேள்வி எனக்குப் புதிதாக இருந்தது. “கம்பெனி விசா எந்த ஸ்டேஜில் நிக்குது? லேபர் அப்ரூவல் வந்துச்சா, என்ட்ரி பெர்மிட் போட்டாச்சா?” தெரியாது என்றேன். லேபர் அப்ரூவல் என்பது தொழிலாளர் அமைச்சகத்தின் அனுமதி, அது வந்த பிறகுதான் என்ட்ரி பெர்மிட். உடனே பி.ஆர்.ஓ.வுக்கு ஃபோன் போடச் சொல்லி, அங்கேயே நிற்கவைத்துக் கேட்கச் சொன்னார். காரணம் இருக்கிறது. வேலைக்கான என்ட்ரி பெர்மிட் ஏற்கெனவே வந்துவிட்டது என்றால் நாட்டை விட்டுப் போகவே வேண்டாம், விசிட் விசா உயிரோடு இருக்கும்போதே உள்ளிருந்தபடியே வேலை விசாவுக்கு மாறிவிடலாம், இதற்குப் பெயர் ஸ்டேட்டஸ் சேஞ்ச். அது வந்திருப்பது தெரியாமல் புதிதாக ஒரு விசிட் விசாவுக்குப் போட்டால் இரண்டும் ஒன்றோடொன்று மோதி ஃபைல் சிக்கிக்கொள்ளும். காசும் போய், நாளும் போகும். என் விஷயத்தில் லேபர் அப்ரூவலே வரவில்லை. “அப்ப உனக்கு வேற விசிட்டுதான் வழி” என்றார்.

இருந்த வழிகள் இரண்டு. ஒன்று, நாட்டுக்குள் இருந்துகொண்டே 30 நாள் நீட்டிப்பது. இரண்டு, வெளியே போய்ப் புது விசாவில் திரும்பி வருவது, அதுதான் ஏ டூ ஏ. முதலாவதுதான் எனக்கு வசதி, ஆனால் நீட்டிப்பை முதல் விசா எடுத்துக் கொடுத்த டிராவல்ஸ் வழியாகத்தான் செய்ய முடியும் என்றார். விசிட் விசாவில் ஸ்பான்சர் இடத்தில் இருப்பது அந்த டிராவல்ஸ்தான். இதை நம்ம ஆட்கள் பலர் கவனிப்பதில்லை. நாம் ஓவர்ஸ்டே ஆனால் அவர்களுக்கும் சிக்கல், அதனால் சில ஏஜென்ட்கள் நாம் ஓடிப்போய்விட்டதாக அப்ஸ்காண்டிங் போட்டுவிடுவார்கள். அதை எடுப்பதற்கு அபராதத்துக்கு மேலே தனியாகப் பெரும் தொகை கேட்பார்கள். விசா வாங்கும் நாளிலேயே “நீட்டிப்பு உங்ககிட்ட உண்டா, எவ்வளவு, எத்தனை நாள் முன்னாடி வரணும்?” என்று கேட்டு வாட்ஸ்அப்பில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தேராவுக்கு மறுபடி ஓடினேன். இந்தத் தடவை துண்டுக் காகிதத்தைக் காட்டினேன். கிரேஸ் பற்றி அவர் சொன்னதை நினைவுபடுத்தியபோது, “சிஸ்டம்ல அப்படித்தான் வரும், கவலைப்படாதீங்க” என்றார். நீட்டிப்பு கேட்டேன். நாளைக்கு வாங்க, சார் இல்லை, சிஸ்டம் டவுன் என்று மூன்று நாள் போனது. நாலாவது நாள், நீட்டிப்பு இப்போது போவதில்லை, எங்களிடமே ஏ டூ ஏ எடுத்துக்கொள்ளுங்கள், 1,650 திர்ஹாம் என்றார்கள். எனக்கு நேரம் ஓடிக்கொண்டிருக்கும்போது மூன்று நாளை அவர்கள் தின்றதை என்னால் மன்னிக்க முடியவில்லை. இல்லை என்றால் முதல் நாளே இல்லை என்று சொல்லியிருக்கலாம். அதற்காக மட்டுமே அந்தக் கடைக்கு யாரையும் அனுப்ப மாட்டேன்.

கராமாவில் ஏ டூ ஏ 1,380 திர்ஹாம், 60 நாள் விசாவும் போகவர டிக்கெட்டும் சேர்த்து. விலையைவிட அவர்கள் வேலை செய்த விதத்தைத்தான் சொல்ல வேண்டும். அக்கா விண்ணப்பத்தை டைப் செய்து முடித்ததும், என் பாஸ்போர்ட்டை மேஜையில் விரித்து, எண்ணுக்குக் கீழே ஒரு ஸ்டீல் ஸ்கேலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாக உரக்க வாசித்தார். நான் ஸ்க்ரீனைப் பார்த்து ஆமாம் சொல்ல வேண்டும். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், முடியும் தேதி. எல்லாம் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. பின்னால் நாலு பேர் காத்திருந்தார்கள், யாரோ சலித்துக்கொண்டார், அவர் கண்டுகொள்ளவில்லை. இது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஏர்போர்ட்டில்தான் எனக்குப் புரிந்தது.

செப்டம்பர் 3, செவ்வாய்க்கிழமை. ஷார்ஜாவிலிருந்து மஸ்கட். ஒரு மணி நேரம் சொச்சம் பறக்கும் தூரம். இமிகிரேஷனில் எக்ஸிட் விழுந்ததும் பழைய விசா முடிந்தது. அப்புறம் நமக்கு எந்த நாட்டு விசாவும் இல்லை. அங்கே இறங்கி ஊருக்குள் போக முடியாது, டிரான்ஸிட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும், இங்கே ஏஜென்ட் புது விசாவை ஓகே செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பியதும் திரும்பி வரும் விமானத்தில் ஏற வேண்டும். கேட்க எளிதாக இருக்கிறது. ஃபோனில் ஒவ்வொரு தடவை சத்தம் வரும்போதும் வயிற்றுக்குள் என்னவோ செய்யும்.

விமானத்தில் நானா சொன்னதுதான் நினைவில் ஓடியது. முன்னெல்லாம் விசா மாற்ற ஈரானின் கிஷ் தீவுக்குத்தான் போவார்களாம். அங்கே இறங்க முன்கூட்டி விசா வேண்டாம் என்பதால் புது விசா வரும்வரை நாட்கணக்கில், சிலர் வாரக்கணக்கில் அங்கேயே கிடப்பார்கள். 2004 பிப்ரவரி 10 அன்று கிஷ்ஷிலிருந்து வந்த விமானம் ஷார்ஜாவில் இறங்கும்போது விழுந்தது. உள்ளே இருந்த 46 பேரில் 43 பேர் போய்விட்டார்கள். விசா மாற்றிக்கொண்டு திரும்பிய தொழிலாளிகள் அதில் நிறையப் பேர், நம்ம நாட்டுக்காரர்களும் இருந்தார்கள். நானா அதைச் சொல்லும்போது குரலை இறக்கிக்கொண்டுதான் சொன்னார். ஒரு காகிதத்துக்காகப் போய்த் திரும்பாமல் போனவர்கள். அவர்கள் வீட்டில் அன்றைக்கு என்ன நடந்திருக்கும் என்பதை அந்த ஒரு மணி நேரமும் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

கராமா கடை எனக்கு முன்கூட்டியே ஒரு பட்டியல் அனுப்பியிருந்தது: சார்ஜர், பவர் பேங்க், ஒரு போர்வை அல்லது தடித்த சட்டை, ரொட்டி, தண்ணீர் பாட்டில், ரிட்டர்ன் டிக்கெட் பிரின்ட், தங்கும் இடத்தின் காகிதம், பணம் இருக்கும் கார்டு. செக்இன் பேக் வேண்டாம், தோளில் மாட்டும் பை மட்டும். அதில் ஒன்றுகூட வீண் இல்லை. போர்வை எடுத்துப் போனது புண்ணியம், ராத்திரி ஏசி குளிர் அப்படி.

ஆனால் இந்தக் கடை மேல் எனக்கிருக்கும் பெரிய குறையும் இங்கேதான். “ஆறு மணி நேரத்தில் வந்துவிடும்” என்று சொன்னார்கள். வந்தது 19 மணி நேரம் கழித்து. சாயங்காலம் திரும்ப வேண்டிய விமானம் போய்விட்டது, ராத்திரி முழுக்க நாற்காலியில்தான். காலையில் அக்கா ஃபோன் செய்து, செப்டம்பர் 1 முதல் ஓவர்ஸ்டே ஆனவர்களுக்கான பொதுமன்னிப்பு ஆரம்பித்திருப்பதால் எல்லாம் தாமதமாகிறது என்று நினைக்கிறோம், டிக்கெட்டை நாங்களே மாற்றிவிட்டோம், கூடுதல் காசு வேண்டாம் என்றார். டிக்கெட் மாற்றியதற்கு நன்றி. ஆனால் ஒரு ராத்திரி தங்க நேரலாம், சிலருக்கு இரண்டு நாளும் ஆகலாம் என்று அவர்கள் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். தேதியில் அவ்வளவு கறாராக இருக்கும் கடை மணிக்கணக்கில் மட்டும் ஏன் நம்பிக்கை கொடுத்தது என்று கேட்டுவிட்டேன். “பயந்துடுவாங்கன்னு சொல்றதில்ல” என்றார். பயந்தாலும் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள். சுகர் மாத்திரை போடுகிறவர், கைக்குழந்தையோடு வருகிறவர் எல்லாம் அந்த வரிசையில் இருக்கிறார்கள்.

அங்கே என்னைவிட மோசமான நிலையில் ஒருவர் இருந்தார். கொத்தனார், முதுகுளத்தூர்ப் பக்கம், நாற்பது வயது இருக்கும். மூன்றாவது நாளாக அங்கேயே இருக்கிறார். வேறொரு ஏஜென்ட் போட்ட விண்ணப்பத்தில் பாஸ்போர்ட் எண்ணில் 0 இருக்க வேண்டிய இடத்தில் 8 விழுந்துவிட்டது. விசா வந்தது, ஆனால் விமானத்தில் ஏற்ற மாட்டேன் என்கிறார்கள், எண் பொருந்தவில்லை. அதை ரத்து செய்து மறுபடி போட வேண்டும். ஏஜென்ட் ஃபோனை எடுப்பதில்லை. அவரிடம் ஃபோனில் பேலன்ஸ் இல்லை, என் ஃபோனிலிருந்து வீட்டுக்குப் பேசினார். “ஒண்ணுமில்ல, இங்க நல்லாத்தான் இருக்கேன், சாப்பிட்டேன்” என்றார். சாப்பிட்டிருக்கவில்லை, நான் கொண்டு போன ரொட்டியைப் பிறகுதான் பாதி வாங்கிக்கொண்டார். எனக்கு அந்த ஸ்டீல் ஸ்கேல்தான் ஞாபகம் வந்தது. அவருக்கு அதற்கு மறுநாள்தான் விசா சரியாகி வந்தது என்று பின்னர் மெசேஜ் அனுப்பினார். நாலு நாள் ஒரு மனிதனை நாற்காலியில் கிடத்தியது ஒரே ஓர் எண்.

புது விசாவில் செப்டம்பர் 4 மதியம் திரும்பி வந்தேன். திரும்பிய அன்றே கராமாவுக்கு வரச் சொல்லியிருந்தார்கள், போனேன், புதுத் தேதியைப் பார்த்து மறுபடி துண்டுக் காகிதம்: நவம்பர் 2.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும், இது கடையைப் பற்றி மட்டுமில்லை. ஆகஸ்ட் கடைசியில் கம்பெனி சூப்பர்வைசர் ஒருவர், “விசா வரும்வரை சும்மா ஏன் இருக்கே, சைட்டுக்கு வா, ட்ரயல் மாதிரி” என்று கூப்பிட்டார். ஆசையாகத்தான் இருந்தது. கையில் காசு தீர்ந்துகொண்டிருந்தது. அக்காவிடம் கேட்டேன். தலையை ஆட்டி, வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்தார். விசிட் விசாவில் வேலை தேடலாம், இன்டர்வியூவுக்குப் போகலாம். வேலை செய்யக் கூடாது. பெர்மிட் இல்லாமல் ஆளை வேலைக்கு வைக்கிற கம்பெனிக்கு அபராதம் 1 லட்சம் முதல் 10 லட்சம் திர்ஹாம் வரை என்று 2024 ஆகஸ்டில்தான் சட்டத்தை இறுக்கியிருந்தார்கள், முன்பு 50,000 முதல் 2 லட்சம் வரை இருந்தது. கம்பெனிக்கு அபராதம், நமக்கு என்ன என்று நினைக்காதீர்கள். செக்கிங்கில் மாட்டினால் நாடு கடத்தலும், திரும்ப வர முடியாத தடையும் நமக்கு. சம்பளம் தராமல் ஏமாற்றினாலும் பெர்மிட் இல்லாத வேலைக்குப் புகார் கொடுப்பது பெரும்பாடு. நான் அந்த சூப்பர்வைசரிடம் விசா வரட்டும் சார் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவும் இல்லை, வேலை போகவும் இல்லை.

லேபர் அப்ரூவல் செப்டம்பர் 24-இல் வந்தது. அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. என்ட்ரி பெர்மிட் வந்ததும் ஸ்டேட்டஸ் சேஞ்ச் உள்ளிருந்தே முடிந்தது, மெடிக்கல், எமிரேட்ஸ் ஐடிக்குக் கைரேகை, அக்டோபர் நடுவில் ஐடி கையில். பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கர் எதிர்பார்க்காதீர்கள், 2022 முதல் அது இல்லை, ஐடி கார்டுதான் ரெசிடென்ஸ். இந்தச் செலவு முழுவதும் கம்பெனியுடையது. ஆளெடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் நேராகவோ சம்பளத்தில் பிடித்தோ வாங்கக் கூடாது என்று 2021-இன் தொழிலாளர் சட்டத்திலேயே இருக்கிறது. “விசா காசு நீ கட்டு, பிறகு தருகிறோம்” என்று யாராவது சொன்னால் அந்த கம்பெனியைப் பற்றி இன்னொரு தடவை யோசியுங்கள். ஏ டூ ஏ செலவு மட்டும் என் தலையில்தான், அதைக் கம்பெனியிடம் கேட்டேன், பாதி கொடுத்தார்கள். கேட்டதில் தப்பில்லை.

ஊரிலிருந்து இன்னும் கிளம்பாதவர்களுக்கு: கம்பெனி உறுதியாக எடுக்கிறது என்றால், விசிட்டில் வந்து இங்கே காத்திருக்க வேண்டாம், வேலை என்ட்ரி பெர்மிட்டை ஊருக்கே அனுப்பச் சொல்லுங்கள். பத்தாவது முடிக்காததால் ஈ.சி.ஆர். பாஸ்போர்ட் (வேலைக்கு வெளிநாடு போக எமிகிரேஷன் அனுமதி தேவைப்படுவது) வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். இந்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளம் வழியாக எமிகிரேஷன் அனுமதி எடுத்து வந்தால் ஒப்பந்தம் பதிவில் இருக்கும், பிரவாசி பாரதிய பீமா யோஜனா இன்ஷூரன்ஸும் கூடவே வரும், 275 ரூபாய் பிரீமியத்தில் இரண்டு வருடத்துக்கு 10 லட்ச ரூபாய் காப்பு. விசிட்டில் வந்து இங்கே மாற்றிக்கொண்டால் அந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லாமல் நிற்க வேண்டியிருக்கும். அந்தக் கொத்தனார் ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்காரர். யாரும் அவருக்கு இதைச் சொல்லவில்லை. படித்தவர்களுக்கு வேலை தேட வருவதற்கென்றே 60, 90, 120 நாள் விசா 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, அதற்கு ஸ்பான்சர் வேண்டாம், ஆனால் படிப்புத் தகுதியும் திறன் அளவும் பார்ப்பார்கள்.

ஏற்கெனவே ஓவர்ஸ்டே ஆகிவிட்டவர்கள் தயவுசெய்து ஒளிந்துகொண்டிருக்க வேண்டாம். எங்கள் பக்கத்து ரூமில் ஒரு பையன் விசிட் முடிந்து 400 நாளுக்கு மேல் இருந்தான். ஒரு நாளைக்கு 50 என்று கணக்குப் போட்டால் 20,000 திர்ஹாமைத் தாண்டும். பயத்தில் மெட்ரோவில்கூட ஏற மாட்டான், வெளியே வேலைக்குப் போனால் விடியும் முன்பு கிளம்பி இருட்டிய பிறகு வருவான். 2024 செப்டம்பரில் வந்த பொதுமன்னிப்பில் அல் அவீர் சென்டருக்கு அவனைக் கூட்டிப்போனது நானாதான். அபராதம் முழுவதும் தள்ளுபடி, தடையும் போடவில்லை. முதலில் அக்டோபர் 31 வரை என்றார்கள், பிறகு டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். அப்படி ஒரு வாய்ப்பு எப்போதும் வருவதில்லை. இந்திய அரசின் பிரவாசி பாரதிய சகாயதா கேந்திரா என்று, வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்களுக்கான உதவி மையம் ஒன்று துபாயில் இருக்கிறது, 800 46342 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் பேசலாம். சிக்கல் சின்னதாக இருக்கும்போதே பேசிவிடுங்கள்.

கராமா கடைக்கு வருகிறேன். குறைகளையும் சொல்லிவிடுகிறேன். காலை பத்து மணிக்கு மேல் போனால் கூட்டம், ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள். ரசீது கேட்டால்தான் கிடைக்கும், கேளுங்கள், ஏனென்றால் அதில்தான் விண்ணப்ப எண் இருக்கும். கார்டில் கட்டினால் கூடுதலாகக் கொஞ்சம் பிடிப்பார்கள், நோட்டாகக் கொண்டு போங்கள். ராத்திரி எட்டு மணிக்கு மேல் கடை நம்பரை யாரும் எடுப்பதில்லை. ஏ டூ ஏ-வில் ஆள் வெளியே இருக்கும்போது அப்படி இருக்கக் கூடாது, ஒருவராவது எடுக்க வேண்டும். மஸ்கட்டில் ராத்திரி பதினொன்றுக்கு மூன்று தடவை அடித்துப் பார்த்தேன், அந்தத் தனிமை எனக்குத்தான் தெரியும். பாஸ்போர்ட்டின் முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் கலர் ஸ்கேன், வெள்ளைப் பின்னணியில் போட்டோ, பழைய விசா பிடிஎஃப் மூன்றையும் ஃபோனில் வைத்துக்கொண்டு போனால் அரைமணி நேரத்தில் வேலை முடியும். இத்தனையும் சொன்ன பிறகும், ஐந்துக்கு நாலு கொடுப்பேன். அந்த ஒன்றைக் குறைத்தது மணிக்கணக்குக்காக.

என் மச்சான் டிசம்பர் 10 அன்று வந்திருக்கிறான், அவனுக்கும் 60 நாள். பிப்ரவரி 10 வரை நேரம் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஃபோனை வாங்கி இமிகிரேஷன் பக்கத்தைத் திறந்து காட்டினேன்: பிப்ரவரி 7, அதுவும் வெள்ளிக்கிழமை. கம்பெனியில் அவனுக்கு லேபர் அப்ரூவல் இன்னும் வரவில்லை. வரும் திங்கட்கிழமை காலை ஒன்பதுக்கு, கடை திறக்கும்போதே, இரண்டு பேரும் கராமா போகிறோம்.